நஷ்டஈட்டுப் பணம் ஆயுளுக்கும் நிற்க வேண்டும்: பலத்த காயமடைந்தவரின் தொகையைச் சட்டப்படி காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகனுக்கு விபத்து நடந்தபோது அவனுக்கு வயது 24. முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. வழக்கு நடந்த ஐந்தரை ஆண்டுகளும் வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்: எவ்வளவு கிடைக்கும்? கிடைத்த பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தீர்ப்பு வந்த அன்று மாலையே வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. கடன் கொடுத்தவர்கள், கடன் கேட்பவர்கள், மனை வாங்கச் சொல்பவர்கள், வட்டிக்கு விடச் சொல்பவர்கள். அவர்களில் அந்நியர் யாரும் இல்லை.

அந்தப் பணத்தைக் கடைசியில் காப்பாற்றியது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தின் உத்தரவில் இருந்த இரண்டு பத்திகள். அந்தப் பத்திகளைக் கேட்டு வாங்க வேண்டும். தீர்ப்பு எழுதப்படுவதற்கு முன்பே கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அத்தனை காலம் ஆக வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே நான் சொல்வது இந்தியச் சட்டப்படி, பெரும்பாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீடு பற்றியது. வேலையிடத்தில் காயமடைந்தவர்களுக்கான சட்டம் சில இடங்களில் இன்னும் வலுவானது. அது வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தொகையைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் படியுங்கள்

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். பலத்த காய வழக்குகளில் எந்தெந்தத் தலைப்பில் இழப்பீடு தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010, 2011 ஆண்டுகளின் தீர்ப்புகளில் தெளிவாக்கியிருக்கிறது: செலவான மருத்துவத் தொகை, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு.

இந்தத் தலைப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துக்கான பணம். செலவான மருத்துவத் தொகை நேற்றைய பணம், அதைக் கொண்டு கடனை அடைக்கலாம். வருமான இழப்பு என்பது அவர் இனி 30 ஆண்டுகள் மாதாமாதம் வாங்கியிருக்க வேண்டிய சம்பளம். அதை ஒரே நாளில் கையில் கொடுக்கிறார்கள் என்பதற்காக அது ஒரே நாளின் பணம் ஆகிவிடாது. உதவியாளர் செலவும் அப்படித்தான். முழு ஊனமடைந்த ஒரு சிறுமியின் வழக்கில், உதவியாளர் செலவையும் பெருக்கி முறையிலேயே (ஓராண்டுச் செலவை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறை) கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு உதவியாளர்கள், ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய், பெருக்கி 18 என்று அந்தத் தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய் வந்தது. 18 என்ற எண்ணைப் பார்த்தாலே போதும். அந்தத் தொகை நீண்ட காலத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஒரு தாளில் மூன்று நெடுக்குப் பத்தி போட்டு எழுதுங்கள்: இப்போதே வேண்டியது, ஆண்டுக்கு ஒருமுறை வேண்டியது, மாதாமாதம் வேண்டியது. அடுத்து வரும் எல்லா மனுக்களுக்கும் அந்தத் தாள்தான் அடிப்படை. எங்கள் தாளில் முதலில் விடுபட்டுப்போனவை சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண் மருந்து, காற்று மெத்தை, சக்கர நாற்காலியின் பேட்டரி. இவை இல்லாமல் போட்ட கணக்கு எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்ட கணக்காக இருந்தது.

இரண்டாம் படி: முடிவெடுப்பவர் யார் என்று தெளிவுபடுத்துங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இங்கேதான். உடல் செயலிழப்பதும் மனம் செயலிழப்பதும் ஒன்றல்ல. கை கால் அசையாமல் படுத்திருப்பவருக்கு அறிவு தெளிவாக இருந்தால் பணம் அவருடையது, முடிவும் அவருடையது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் பண விவகாரங்களைத் தாமே நடத்தவும் அவருக்கு மற்றவர்களோடு சம உரிமை உண்டு என்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. உதவி செய்பவரின் சொந்த நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் ஒரு பரிவர்த்தனையில் மோதினால், உதவி செய்பவர் அந்தப் பரிவர்த்தனையிலிருந்து விலகி நிற்க வேண்டும். அண்ணன் தன் தொழிலுக்குத் தம்பியின் பணத்தைக் கேட்கிறார், அந்தப் பத்திரத்தில் தம்பியின் கைவிரலைப் பிடித்து ரேகை வைக்க உதவுபவரும் அதே அண்ணன்தான் என்றால், அது சட்டத்துக்கு விரோதம்.

முடிவெடுக்க உதவி தேவைப்படுபவருக்கு அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைத் தருகிறது. மாவட்ட நீதிமன்றமோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ நியமிக்கும் அந்தப் பாதுகாவலர், அவருக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு அதிகாரம்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 வழி காட்டுகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கிறது. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் அந்த நபரின் சொத்து விவரப் பட்டியலைத் தர வேண்டும், ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கும் தர வேண்டும். பாதுகாவலர் சொத்தைத் தவறாகக் கையாண்டால் அவரை நீக்கவும் வழி இருக்கிறது. பாதுகாவலராக இருக்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கு ஒப்படைப்பு எரிச்சலாக இருக்கலாம். காயமடைந்தவரின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பூட்டு.

நினைவிழந்து கோமாவில் இருப்பவருக்குத் தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கென நெறிமுறைகளையே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் கோமாவில் இருக்கும் கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்திருக்கிறது. 2024-இல் வந்த அப்படியொரு உத்தரவில், சொத்தை விற்க மனைவிக்கு அனுமதி தந்த நீதிபதிகள், 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு அதன் வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனைவியை நம்பவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பேச முடியாத மனிதருக்காக நீதிமன்றம் பேசியது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சிறார் என்றால் விஷயம் எளிது: பணம் 18 வயது வரை வைப்பில் இருக்கும். சிறாருக்காக வழக்கு நடத்தும் பெற்றோர்கூட நீதிமன்ற அனுமதியில்லாமல் தொகையைப் பெறவோ சமரசம் செய்யவோ முடியாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் ஆணை சொல்லும் நெறி.

மூன்றாம் படி: தீர்ப்புக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்

1994-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள்தான் இந்த விஷயம் முழுவதற்கும் வேர். அதற்கு முன்பே 1982-இல் குஜராத் உயர் நீதிமன்றம் வகுத்தவற்றை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாரம் இதுதான். சிறாரின் தொகை நீண்டகால வைப்பில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தொகையும் பொதுவாக அப்படியே, ஆனால் பிழைப்புக்கு வழி செய்யும் சொத்து வாங்க வேண்டும் என்றால் தீர்ப்பாயம் விசாரித்துப் பணம் விடுவிக்கலாம். காய வழக்குகளில் மேல் சிகிச்சை தேவைப்பட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, தேவையான தொகையை எடுக்க அனுமதிக்கலாம். வைப்புத்தொகையின்மேல் வங்கி கடனோ முன்பணமோ தரக்கூடாது. வட்டி மாதாமாதம் நேரடியாக உரியவருக்கோ பாதுகாவலருக்கோ போக வேண்டும். அவசரத்துக்குத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமை இருக்க வேண்டும். அதற்கு வசதியாக, தொகை பெரிதாக இருந்தால் ஒரே வைப்பு ரசீதாகப் போடாமல் பல ரசீதுகளாகப் பிரித்துப் போட வேண்டும்.

இந்தப் பூட்டு சில காலம் அளவுக்கு மீறி இறுகியது. படித்தவர், படிக்காதவர் என்று பாராமல் எல்லோருடைய பணத்தையும் இயந்திரத்தனமாக வைப்பில் முடக்கினார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. ஆளின் வயது, கல்வி, சூழ்நிலை, பணத்தின் தேவை ஆகியவற்றைப் பார்த்து மனத்தைச் செலுத்தி முடிவெடுங்கள் என்றது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பொறியாளரைக் கைக்குழந்தைபோல நடத்துவது பாதுகாப்பு ஆகாது, அது அவமதிப்பு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் பூட்டுங்கள் என்பதும் அல்ல, எல்லாவற்றையும் கொடுங்கள் என்பதும் அல்ல. உங்கள் மூன்று பத்தித் தாளைக் காட்டி, இவ்வளவு உடனே, இவ்வளவு மாதத் தவணையாக, இவ்வளவு நீண்டகால வைப்பாக என்று கேளுங்கள்.

மாதத் தவணைக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டு ஆண்டுத்தொகை வைப்பு என்று பெயர். டெல்லி உயர் நீதிமன்றத்தின் முயற்சியில் உருவாகி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் வங்கிகள் மூலம் நடைமுறைப்படுத்தச் சொன்ன திட்டம் அது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையை வங்கி வாங்கிக்கொண்டு 36 மாதம் முதல் 120 மாதம் வரை, அசலும் வட்டியும் கலந்த ஒரே அளவான மாதத் தொகையாகத் தரும். இடையில் கடன் கிடையாது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முன்கூட்டி மூடவும் முடியாது.

சாதாரண வைப்பில் வட்டி மட்டும் வரும், அசல் அப்படியே இருக்கும். ஆண்டுத்தொகை வைப்பில் அசலும் சேர்ந்து கரையும், தவணை முடியும்போது கையில் ஒன்றும் இருக்காது. வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய் சாதாரண வைப்பில் மாதம் சுமார் 5,400 ரூபாய் தரும். 120 மாத ஆண்டுத்தொகை வைப்பில் சுமார் 11,350 ரூபாய் தரும். இரண்டாவது எண்ணைக் கேட்டு மகிழ்ந்து முழுப் பணத்தையும் அதில் போட்டால் 11-ஆவது ஆண்டில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த படியில்.

மனுவோ குறிப்பாணையோ வாதம் முடிவதற்குள் தாக்கலாக வேண்டும். உங்கள் வழக்கறிஞர் 'அதெல்லாம் நீதிபதி பார்த்துக்கொள்வார்' என்றால், பணிவாக ஆனால் விடாமல் கேளுங்கள். எழுத வேண்டியவை சில வரிகள்தான்: காயமடைந்தவரின் தனிப்பெயரில் சேமிப்புக் கணக்கு, அவர் வீட்டுக்கு அருகே உள்ள வங்கிக் கிளை, வைப்புகளின் எண்ணிக்கையும் முதிர்வு ஆண்டும், மாத வட்டி நேரடி வரவு, கடன் தடை, முன்கூட்டி மூடத் தடை, சிகிச்சைக்கு மனுச்செய்யும் உரிமை.

நான்காம் படி: ஒரு தொகையை எப்படிப் பிரிக்கலாம்

ஒரு மாதிரிக் கணக்கு. 28 வயது இளைஞர், தண்டுவடக் காயம், மனம் தெளிவு. வட்டியோடு 40 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவமனைக் கடனுக்கு 5 லட்சம். சாய்தளம், அகலமான கழிப்பறைக் கதவு, நல்ல சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு 3 லட்சம். சேமிப்புக் கணக்கில் அவசர இருப்பு 2 லட்சம். இந்த 10 லட்சத்தை உடனே விடுவிக்கக் கேளுங்கள், ரசீதும் மதிப்பீடும் இணைத்தால் தீர்ப்பாயங்கள் பொதுவாக மறுப்பதில்லை.

மீதி 30 லட்சத்தில் 12 லட்சம் 120 மாத ஆண்டுத்தொகை வைப்பு. மேலே சொன்ன வட்டியில் மாதம் சுமார் 13,600 ரூபாய் வரும். 6 லட்சத்தை ஒரு லட்சம் வீதம் ஆறு ரசீதுகளாக, ஆண்டுக்கு ஒன்று முதிரும்படி போடலாம், மெத்தை மாற்றவும் பிசியோதெரபிக்கும் நாற்காலி பழுதுக்கும். கடைசி 12 லட்சத்தைத் தொடவே கூடாது. 10 ஆண்டுகள் வட்டியோடு சேர்ந்து வளர விட்டால், வரிக்கு முன் 22 லட்சத்தைத் தாண்டும். ஆண்டுத்தொகை வைப்பு தீரும் மாதத்தில் இது முதிர்ந்து, அடுத்த 10 ஆண்டுக்கான வைப்பாக மாறும்.

இது ஒரு மாதிரிதான், உங்கள் எண்கள் வேறு. ஆனால் அடிப்படை மாறாது: ஒரு பகுதி கரையும்போது இன்னொரு பகுதி வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். விலைவாசி ஏறுவதை யாரும் தீர்ப்பில் எழுதித் தருவதில்லை. இன்று போதும் என்று தோன்றும் உதவியாளர் சம்பளம் 10 ஆண்டு கழித்துப் போதாது.

வீடு வாங்கலாமா என்று கேட்பார்கள். வாடகை வீட்டில் சாய்தளம் கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார் என்ற நிலை உண்மையானது, அதற்காகத் தீர்ப்பாயம் பணம் விடுவிக்கவும் செய்யும். ஆனால் பத்திரம் காயமடைந்தவர் பெயரில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிறார் பெயரில் இருக்கும் அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளர்கூட நீதிமன்ற முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. வளர்ந்தவருக்கு அந்தக் கவசம் இல்லை. ஆகவே விற்கக்கூடாது என்ற நிபந்தனையைத் தீர்ப்பாய உத்தரவிலேயே கேட்டு வாங்கலாம்.

ஐந்தாம் படி: வங்கியில் சரிபார்க்க வேண்டியவை

முன்பெல்லாம் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தில் பணம் கட்டும், பிறகு மனுப் போட்டு, காசோலை வாங்கி, பல மாதம் அலைய வேண்டும். தொகையை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும் முறையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதற்காக வழக்கின் தொடக்கத்திலேயே கணக்கு விவரம் கொடுத்துவிடுங்கள். முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறினால் தீர்ப்பாயத்துக்குத் தெரிவியுங்கள். உரியவர் யார், எங்கே என்று தெரியாமல் பெரும் தொகைகள் தீர்ப்பாயங்களில் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக வழக்கெடுத்திருக்கிறது.

கணக்கு தனிக் கணக்காக இருக்கட்டும். டெல்லி உயர் நீதிமன்றத்தின் நடைமுறை இதில் நல்ல முன்மாதிரி: கூட்டுப் பெயர் சேர்க்கக்கூடாது, காசோலைப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் தரக்கூடாது, முன்பே தந்திருந்தால் ரத்து செய்ய வேண்டும், மூல ரசீது வங்கியின் காவலில் இருக்க வேண்டும், இந்தத் தடைகளைப் பாஸ்புத்தகத்திலேயே முத்திரையிட்டுக் குறிக்க வேண்டும். உங்கள் தீர்ப்பாயத்திடமும் இதே நிபந்தனைகளைக் கேட்கலாம். மனம் தெளிவான, பணம் கையாளத் தெரிந்த ஒருவருக்கு ஏடிஎம் அட்டையைத் தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அட்டையும் ரகசிய எண்ணும் வேறொருவர் சட்டைப்பையில் இருக்கப்போகிறது என்றால், அட்டையே வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வைப்பு முதிர்ந்த வாரத்தில் வங்கிக் கிளையிலிருந்து ஒருவர் வந்து, வட்டியைவிட அதிகம் தரும் என்று சொல்லி, சந்தையோடு இணைந்த ஒரு காப்பீட்டுப் பாலிசியில் 3 லட்சம் போடச் சொன்னார். படிவத்தைப் பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை, நாங்கள் படித்துத்தான் கண்டுபிடித்தோம். தீர்ப்பாய உத்தரவின் நகலை எடுத்துக் காட்டி, இந்தப் பணத்தை வைப்பில் மட்டுமே போட அனுமதி என்றதும் போய்விட்டார். உத்தரவின் நகலை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இன்னும் சில. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான், எனவே பெரிய தொகையைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில், முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் வைக்கக் கேளுங்கள். வைப்பின் வட்டிக்கு வரி உண்டு. வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். மறந்தால் பிடித்ததைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வங்கி உத்தரவை மீறினாலோ வட்டியை நிறுத்தினாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். தீர்ப்பாயத்தின் கவனத்துக்குக் கொண்டுபோவது அதைவிட வேகமானது.

ஆறாம் படி: அவசரத்துக்குப் பணம் எடுப்பது

படுக்கைப்புண் முற்றி அறுவைச் சிகிச்சை என்றால் காத்திருக்க முடியாது. தீர்ப்பளித்த அதே தீர்ப்பாயத்தில், அதே வழக்கு எண்ணில் இடைக்கால மனுப் போடுங்கள். மருத்துவரின் சான்று, மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, வைப்பு ரசீதின் நகல், எந்த ரசீதை உடைக்க வேண்டும் என்ற விவரம், ஒரு பிரமாணப் பத்திரம் போதும். தொகையை மருத்துவமனைக் கணக்குக்கே நேரடியாக அனுப்பக் கேட்டால் நீதிபதிக்குத் தயக்கம் குறையும். பல ரசீதுகளாகப் பிரித்து வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்: ஒரு லட்சம் தேவைப்படும்போது 12 லட்சத்தை உடைக்க வேண்டியதில்லை.

காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தால் முழுத்தொகை உடனே கையில் வராது. தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. உயர் நீதிமன்றம் பெரும்பாலும் தொகையைக் கட்டச் சொல்லி அதில் ஒரு பகுதியை எடுக்க அனுமதிக்கும். அந்தக் கட்டத்திலும் நீங்கள் முதலில் எழுதிய தாள்தான் பேசும்.

ஏழாம் படி: கை நீட்டுபவர்கள்

வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பரவலாக நடக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் நிர்ணயிக்கவோ, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவோ கூடாது. நேர்மையான வழக்கறிஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உரிய கட்டணத்தை மனமாரக் கொடுங்கள். ஆனால் நிரப்பாத காசோலையிலும் பணம் எடுக்கும் படிவத்திலும் யாருக்காகவும் கையெழுத்திட வேண்டாம். மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து வழக்குப் பிடிக்கும் தரகரிடம் மூல ஆவணங்களைக் கொடுக்கவும் வேண்டாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வழக்கு வேகமாக முடியும், அது பெரிய நன்மை. ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. எதிர்கால சிகிச்சைக்கென்று தனியாக எதுவும் பேசாமல் ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் பிறகு திரும்பிப் போக வழி இல்லை. வைப்பு நிபந்தனைகளைச் சமரசப் பத்திரத்திலேயே சேர்க்கலாம், சேருங்கள்.

கடன்காரர்கள் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியுமா? வேலையிடக் காயத்துக்கு விடை தெளிவாக இருந்தது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 9-ஆம் பிரிவின்படி அந்தத் தொகையை ஜப்தி செய்யவோ, அடகு வைக்கவோ, வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ, கடனுக்கு ஈடு கழிக்கவோ முடியாமல் இருந்தது. சட்டப்படியான இயலாமை உள்ளவருக்குரிய தொகையை அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கை விசாரிக்கும் ஆணையரே முதலீடு செய்து பராமரிக்கவும் 8-ஆம் பிரிவு வழி செய்தது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பலன்களுக்கும் இதே போன்ற காப்பு இருந்தது. இப்போது அந்தச் சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 இருக்கிறது, உங்களுக்கு எது பொருந்தும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி நேரடியான பிரிவு இல்லை. அதனால்தான் விபத்துப் பணத்தை வேறு வரவுகளோடு கலக்காமல், தீர்ப்பாய உத்தரவின்கீழ் தனி வைப்பாக வைத்திருப்பது முக்கியம். எது எந்தப் பணம் என்று காட்ட முடிந்தால்தான் நீதிமன்றத்தில் வாதாடவாவது இடம் இருக்கும். அண்ணன் கடனுக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்த இடமும் போய்விடும்.

எட்டாம் படி: பெற்றோருக்குப் பிறகு

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். என் தங்கை வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனால் அவள் கேட்காத நாளும் இல்லை.

தனியார் அறக்கட்டளை ஒரு வழி. இந்திய அறக்கட்டளைச் சட்டம், 1882-இன்கீழ் ஒரே ஒருவரின் நலனுக்காக அறக்கட்டளை அமைக்கலாம். அறங்காவலர் அந்தச் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, கணக்கு காட்டும் கடமையும் அவருக்கு உண்டு. மூன்று அறங்காவலர்கள் இருப்பது நல்லது என்பது என் கருத்து: குடும்பத்திலிருந்து ஒருவர், குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையானவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர். அண்ணன் தம்பிகள் மட்டும் போதாது. பயனாளி யார், அவர் பங்கு என்ன என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதாவிட்டால் வருமானத்துக்கு உச்ச விகிதத்தில் வரி விழும், ஆகவே பத்திரம் எழுதும்முன் தணிக்கையாளரைப் பாருங்கள். தீர்ப்பாயத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பணத்தை அறக்கட்டளைக்கு மாற்றத் தீர்ப்பாய அனுமதி வேண்டும். மனத்தெளிவு உள்ளவரின் பணம் என்றால் அறக்கட்டளையை அமைப்பவர் அவர்தான், பெற்றோர் அல்ல.

பெற்றோர் தங்கள் சொத்துக்கு எழுதும் உயிலில் அவர் பங்கை அவர் கையில் நேரடியாகக் கொடுக்காமல் அறக்கட்டளைக்குச் சேரும்படி எழுதலாம். மனம் தெளிவாக உள்ள காயமடைந்தவர் தானும் ஓர் உயில் எழுதி வைக்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொண்ட தங்கைக்கு எதுவும் போகாமல், எட்டிப் பார்க்காத உறவினர் வாரிசாக வந்து நிற்கும் காட்சியை அது தடுக்கும்.

தேசிய அறக்கட்டளையின் வரம்புக்குள் வருபவர்களுக்கு நிரமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சிறிய தொகைதான். ஆனாலும் அங்கே கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் வைப்பில் இருக்கும் ஒரு ரூபாயைக் காக்கிறது.

ஒரு கணக்கு நோட்டு

பாதுகாவலரோ அம்மாவோ தங்கையோ, பணத்தைக் கையாள்பவர் யாராக இருந்தாலும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தொகை, எதற்கு, ரசீது எண். பள்ளிக்கூட நோட்டு போதும். எங்கள் நோட்டில் என் தங்கை எழுதுவாள், மாதக் கடைசியில் அவன் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போடுவான். முதலில் அவளுக்கு வருத்தம், என்னையே சந்தேகப்படுகிறீர்களா என்று. இரண்டு ஆண்டு கழித்து ஓர் உறவினர், பையன் பணத்தில் நகை வாங்கினாள் என்று ஊரில் சொன்னபோது, அந்த நோட்டைத்தான் அவள் எடுத்து மேசையில் வைத்தாள்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் சிறாருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். வைப்புத் தொகையிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கும் மனுவையும், வைப்பு நிபந்தனைகளைச் சேர்க்கக் கோரும் மனுவையும் அவர்கள் மூலமே தாக்கல் செய்யலாம். போகும்போது தீர்ப்பின் நகல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பாஸ்புத்தகம், அந்த மூன்று பத்தித் தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.